முப்பத்தைந்து மார்க் பயம்

என் மனைவி ஆறு மாதக் கர்ப்பிணியாக இருந்த காலத்தில், தினமும் காலையில் என்னை அலுவலகத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டு வீடு திரும்புவாள். மாலையில் மறுபடி வந்து கூட்டிக்கொண்டு போவாள். எனக்கு அப்போது முப்பத்தொரு வயது. கை கால் நன்றாகத்தான் இருந்தன. மல்காஜ்கிரியில் வீடு, ஹைடெக் சிட்டி பக்கம் வேலை. செகந்திராபாத் வரை ஆட்டோ, அங்கிருந்து உள்ளூர் ரயில், இறங்கியதும் ஷேர் ஆட்டோ. நான் வாசல் காவலரிடம் அடையாள அட்டையைக் காட்டி உள்ளே போகும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் அவள் திரும்புவாள்.

அலுவலகத்தில் இதற்கு வேறு அர்த்தம் கற்பித்திருந்தார்கள். "உங்களப் பாத்துக் கத்துக்கச் சொல்லி எங்க வீட்டுக்காரர்கிட்ட தெனமும் சண்டைங்க சார்" என்றாள் கோயம்புத்தூர்க்காரப் பெண் ஒருத்தி. "கல்யாணமாகி மூணு வருசமாச்சு, இன்னும் ஒருத்தர விட்டு ஒருத்தர் இருக்க மாட்டேங்கறீங்களே!" நான் வெட்கப்படுவதுபோல் சிரித்துவைத்தேன். ஊரில் எத்தனையோ நல்ல கணவர்கள் என்னால் திட்டு வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

உண்மை என்னவென்றால், என்னால் தனியாக எங்கேயும் போக முடியாது. தெருமுனைக் கடைக்குப் போய்த் தயிர் வாங்க முடியாது.

முந்தைய ஆவணியில் ஆரம்பித்தது. கம்பெனி பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். மழை. மேம்பாலத்தின் நட்டநடுவில் போக்குவரத்து நின்றுவிட்டது. பத்து நிமிடம் சும்மா இருந்தேன். திடீரென்று நெஞ்சு படபடவென்று அடித்தது, விரல் நுனி மரத்தது, வியர்த்துக் கொட்டியது, மூச்சு பாதியிலேயே நின்றது. செத்துவிட்டேன் என்றே முடிவு செய்தேன். எல்லோரும் சேர்ந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அங்கே ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு, இதயம் நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பினார்கள். அடுத்த மாதத்திலேயே இன்னும் மூன்று முறை போனேன். நாலாவது முறை அங்கிருந்த டியூட்டி டாக்டர் என்னைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு, "உட்காருங்க, உங்க ஃபைல் மேலயே இருக்கு" என்றார்.

எக்கோ எடுத்தார்கள், டிரெட்மில்லில் ஓடவிட்டார்கள், தைராய்டு பார்த்தார்கள். எல்லாம் நார்மல். திருச்சியிலிருந்து அம்மா ஃபோனில் "கேஸுதான்டா, ஓமத்தண்ணி குடி" என்றாள். குடித்தேன். மாடி வீட்டில் இருந்த, பாதுகாப்புத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற விஞ்ஞானி ஒருவர், "ஐடியில சம்பாதிக்கிறீங்க, நாலு கண்ணு படத்தானே செய்யும்" என்று தன் கையாலேயே என் வாசலில் பூசணிக்காய் கட்டினார். ஏவுகணையில் உழைத்த கை அது. ஓமமும் கேட்கவில்லை, பூசணியும் கேட்கவில்லை. பஸ்ஸை விட்டேன், அப்புறம் சினிமா, அப்புறம் கடைவீதி, கடைசியில் தனியாகத் தெருவில் இறங்குவதையே விட்டேன். மனைவி பக்கத்தில் இருந்தால் மட்டும் எப்படியோ சமாளித்தேன்.

இப்படியே காலம் தள்ளியிருப்பேன். ஆனால் ஏழாம் மாதம் வந்துகொண்டிருந்தது. வளைகாப்புப் போட்டு அவளைப் பாளையங்கோட்டைக்குப் பிரசவத்துக்கு அழைத்துக்கொண்டு போக என் மாமியார் நாள் பார்த்துவிட்டார். இவளோ வரமாட்டேன் என்று ஃபோனில் அடம் பிடித்தாள். "இங்க ஆஸ்பத்திரி நல்லா இருக்கும்மா" என்பாள், "அவுகளுக்குச் சாப்பாடு யாரு போடுவா" என்பாள். முதல் பிரசவத்துக்குப் பெண் வரமாட்டேன் என்கிறாளே என்று அந்தப் பக்கம் மாமியார் அழுவது இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும். மாப்பிள்ளைதான் அனுப்ப மறுக்கிறார் என்று அவர் நினைத்தார். அவர் நினைத்ததில் தப்பும் இல்லை. கூட்டத்தில் வயிற்றைக் கையால் மறைத்துக்கொண்டு அவள் ரயிலேறுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

ஆஸ்பத்திரி டாக்டர் ஒரு சீட்டில் தார்நாகா முகவரி எழுதிக் கொடுத்து, "இனிமே என்கிட்ட வராதீங்க, இவங்ககிட்ட போங்க" என்று சொல்லியிருந்தார். மனநல ஆலோசகர். அந்தச் சீட்டை மூன்று மாதம் பர்ஸில் வைத்திருந்தேன். வளைகாப்பு நாள் குறித்த வாரம்தான் எடுத்தேன். அலுவலகத்தில் பல் டாக்டரிடம் போகிறேன் என்று சொன்னேன். தொடர்ந்து ஏழு வாரம் போகவேண்டியிருந்ததால், சார் வாயில் மொத்தம் எத்தனை பல் என்று டீமில் பந்தயம் கட்டினார்களாம்.

தார்நாகாவில் ஒரு வீட்டின் மாடியில் இருந்தது அந்தக் கிளினிக். ஆலோசகர் அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். தெலுங்குக்காரர், சென்னையில் படித்தவர். தமிழ் நன்றாகப் பேசுவார், இடையிடையே தெலுங்கு எட்டிப்பார்க்கும். நாங்கள் இருவரும் உட்கார்ந்தோம்.

"எப்போ ஆரம்பிச்சது?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

"போன ஆவணி, மேடம். மேம்பாலத்துல வச்சு" என்றாள் என் மனைவி.

"அப்போ என்ன பண்ணுச்சு உங்களுக்கு?"

"நெஞ்சு படபடன்னு அடிக்கும், கை மரத்துப் போவும், தண்ணி தண்ணின்னு கேப்பாக" என்றாள்.

"சாகப் போறோம்னு தோணுமா?"

"தோணும் மேடம். எல்ஐசி பாலிசி எங்க இருக்குன்னு சொல்லுவாக."

அந்த அம்மா பேனாவை மேஜையில் வைத்தார். "பயம் உங்களுக்கா, அவருக்கா?"

"அவுகளுக்குத்தான். எனக்கென்ன மேடம், கல்லு மாதிரி இருக்கேன்."

"நல்லது. கல் கொஞ்ச நேரம் வெளியே உட்காரட்டும்."

அவள் எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். அந்த அம்மா நிதானமாகக் கேட்டுக்கொண்டே போனார். எத்தனை நிமிடத்தில் உச்சத்துக்குப் போகிறது, எதுவும் இல்லாத நாளிலும் மறுபடி வந்துவிடுமோ என்ற நினைப்பு இருக்கிறதா, ஒரு நாளைக்கு எத்தனை காபி, குடிப் பழக்கம் உண்டா, வீட்டில் வேறு யாருக்காவது இப்படி வந்ததா. நான் ஒழுங்காகப் பதில் சொல்வதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். முடிவில் தன் காகிதத்தின் ஓரத்தைக் காட்டினார். குட்டிக் குட்டிக் கோடுகள், ஐந்தைந்தாகக் கட்டுப்போட்டு. "இருபது நிமிஷத்துல முப்பத்தியொரு தடவை கதவைப் பார்த்தீங்க" என்றார். வயதுக்குச் சரியாக இருந்தது.

பிறகு ஒரு படிவம் கொடுத்தார். பஸ், ரயில், கடைவீதி, தியேட்டர், வரிசையில் நிற்பது, மேம்பாலம் என்று வரிசையாக இருந்தது. ஒவ்வொன்றுக்கும் எதிரே தனியாகப் போனால் எவ்வளவு தொந்தரவு, துணையோடு போனால் எவ்வளவு தொந்தரவு என்று இரண்டு கட்டம். நான் மளமளவென்று நிரப்பினேன். தியேட்டர், தொந்தரவு இல்லை. பஸ், தொந்தரவு இல்லை. மேம்பாலம், இல்லவே இல்லை. படிவத்தைப் பார்த்தால் எனக்கே என் மேல் மரியாதை வந்தது.

"கடைசியா தியேட்டருக்கு எப்போ போனீங்க?"

"பத்து மாசம் இருக்கும்."

"பஸ்?"

"அதுவும் பத்து மாசம்."

"போகவே இல்லை, அதனால தொந்தரவு இல்லை. சரியா?"

நான் செய்துகொண்டிருந்த வேலை என்ன தெரியுமா? சாஃப்ட்வேர் டெஸ்டிங். ஓட்டிப் பார்க்காத சோதனைக்கு எதிரே 'பாஸ்' என்று போட்டதற்காக முந்தைய வாரம்தான் ஒரு பையனை டீம் முன்னால் வைத்து அரை மணி நேரம் வாங்கு வாங்கென்று வாங்கியிருந்தேன். அவனிடம் போய் மன்னிப்புக் கேட்கலாமா என்றுகூட அப்போது தோன்றியது.

அடுத்தது டைரி. பயம் வரும்போதெல்லாம் அந்த நிமிடமே குறிக்கவேண்டும். எங்கே, யாருடன், பூஜ்யத்திலிருந்து நூறுக்குள் எவ்வளவு. நான் அதை எங்கள் வழக்கப்படி செய்தேன். வாரம் முழுக்கச் செய்த வேலையை வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரே மூச்சில் டைம்ஷீட்டில் ஏற்றுகிற வழக்கம் ஐடியில் எல்லோருக்கும் உண்டு. அதே கையோடு பயத்தையும் ஏற்றினேன். திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் காலை ஒன்பது, மாலை ஆறு, அளவு முப்பத்தைந்து. சனி, ஞாயிறு எதிரே கை தானாகவே 'விடுமுறை' என்று எழுதிவிட்டது.

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "பயத்துக்கு வீக்லி ஆஃப் கொடுத்த முதல் மனுஷர் நீங்கதான். அது பர்வாலேது, பரவாயில்லை. எல்லா நாளும் முப்பத்தைந்து எப்படி?"

எனக்கே அப்போதுதான் புரிந்தது. நூறுக்கு எவ்வளவு என்று யாராவது கேட்டால் எங்கள் ஊரில் படித்தவனுக்கு முதலில் கண்ணுக்குத் தெரிவது முப்பத்தைந்துதான். அது பாஸ் மார்க். அதற்குக் கீழே போட்டால் ஃபெயில் ஆனதுபோல் இருக்கும், ரொம்ப மேலே போட்டால் பெருமை அடித்துக்கொள்வதுபோல் இருக்கும். தயங்கித் தயங்கி இதைச் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் வெளியே உட்கார்ந்திருந்த என் மனைவி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

"இங்க ஃபெயிலும் இல்லை, பாஸும் இல்லை" என்றார் சிரித்து முடித்து. "நீங்க மார்க் வாங்க வரலை. எனக்கு நிஜம் வேணும். காகிதத்துல வராது போல. நடந்து பார்த்துடலாம்."

மூன்றாவது வாரம் நடைச் சோதனை. கிளினிக்கிலிருந்து தெருவோடு நேரே போய் இடதுபக்கம் திரும்பினால் மெயின் ரோடு, அங்கே பஸ் நிறுத்தம். ஐந்து நிமிட நடை. தனியாகப் போய் அங்கே பத்து நிமிடம் நின்றுவிட்டு வரவேண்டும். வாசலில், திருப்பத்தில், நிறுத்தத்தில் என்று மூன்று இடத்தில் பயத்தின் அளவை அட்டையில் குறிக்கவேண்டும். மனைவி கிளினிக்கிலேயே இருக்கவேண்டும். அதற்கு முன்னால் சட்டை, பேன்ட் பைகளைக் காலி செய்யச் சொன்னார். தண்ணீர் பாட்டில், குளுக்கோஸ் பொட்டலம், பெப்பர்மின்ட், ரத்த வகை எழுதிய சீட்டு, வீட்டு முகவரி எழுதிய சீட்டு, நாக்குக்கு அடியில் வைக்கும் நெஞ்சுவலி மாத்திரை என்று ஒவ்வொன்றாக மேஜையில் வைத்தேன்.

"ஹார்ட் நல்லா இருக்கே, இந்த மாத்திரை எங்கேர்ந்து வந்துச்சு?"

"மாமனாரோடது."

"எங்க அப்பா அதைத் தேடாத எடமில்ல மேடம்" என்றாள் என் மனைவி. அவளுக்கும் அது அப்போதுதான் தெரியும்.

வெறுங்கையோடு இறங்கினேன். வாசலில் நாற்பது என்று எழுதினேன். முப்பத்தைந்தைத் தாண்டியதே ஒரு முன்னேற்றம். தெருவில் இருபது அடி போவதற்குள் இரண்டு முறை கிளினிக் வாசலைத் திரும்பிப் பார்த்தேன். திருப்பத்துக்குப் பக்கத்தில் நெஞ்சு அடிக்க ஆரம்பித்ததும், ஓரமாக நின்ற ஒரு ஸ்கூட்டரின் ஹேண்டில் பாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து ஸ்கூட்டரின் சொந்தக்காரர் கடையிலிருந்து வெளியே வந்தார்.

"க்யா பாய், மேரா காடி கைக்கு பக்டே?" ஏன் என் வண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாய் என்று கேட்கிறார். நியாயமான கேள்வி.

"சக்கர் ஆரா பாய்" என்றேன். தலை சுற்றுகிறது என்று சொல்ல அந்த அளவுக்குத்தான் எனக்கு ஹைதராபாத் ஹிந்தி.

அவர் ஒரு நிமிடம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு வண்டியின் இருக்கையைத் தன் கைக்குட்டையால் துடைத்து, "டென்ஷன் நக்கோ, பைட்டோ" என்றார், பதறாமல் உட்காரச் சொல்லி. உட்கார்ந்தேன். அவரும் ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் நின்றார். இரண்டு மூன்று நிமிடத்தில் படபடப்பு ஏறி, உச்சத்துக்குப் போய், மெல்ல இறங்கியது. மாத்திரையும் இல்லை, மனைவியும் இல்லை, இறங்கிவிட்டது. அட்டையில் எண்பத்தைந்து என்று எழுதினேன். வாழ்க்கையில் என் உழைப்பால் மட்டும் வந்த முதல் எண்பத்தைந்து. அவருக்கு சலாம் சொல்லிவிட்டு மேலே நடந்தேன். நிறுத்தத்தில் போய் நின்றபோது அறுபது. போகிற பஸ்ஸையெல்லாம் நிறுத்தி, நான் தனியாக வந்திருக்கிறேன் என்று சொல்லவேண்டும்போல் இருந்தது.

பெருமையாகத் திரும்பிப் பார்த்தேன். கரும்புச்சாறு வண்டிக்குப் பின்னால் ஒரு மஞ்சள் புடவை தெரிந்தது. ஆறு மாத வயிற்றை மறைக்கும் அளவுக்கு அந்த வண்டி அகலமில்லை.

"நீ எதுக்கு வந்தே?"

"சாறு குடிக்க வந்தேன்."

"எங்கேர்ந்து வரே?"

"பின்வாசல் வழியா. பாத்ரூமுன்னு சொல்லிட்டு வந்தேன்."

எனக்கு வந்த கோபத்தில் பயமெல்லாம் பறந்துபோனது. நடுத்தெரு என்றும் பார்க்காமல் கத்தினேன். "எல்லாம் போச்சு! இது செல்லாது! மொதல்லேர்ந்து செய்யணும்!"

"செல்லாட்டிப் போவுது. அந்த வண்டியப் புடிச்சிக்கிட்டு நின்னீங்களே, அப்ப விழுந்திருந்தா?" என்று அவளும் பதிலுக்குக் கத்தினாள். கரும்புச்சாறுக்காரர் சக்கரம் சுற்றுவதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார். அவளை இழுத்துக்கொண்டு போகலாம் என்று கையைப் பிடித்தேன். கை ஐஸாக இருந்தது. நடுங்கிக்கொண்டிருந்தது.

கிளினிக்குக்குத் திரும்பி வந்து நடந்ததைச் சொன்னோம். அந்த அம்மா திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் என்னை விட்டுவிட்டு அவள் பக்கம் நாற்காலியைத் திருப்பினார்.

"அவர் போனப்போ உங்களுக்கு எவ்வளவு இருந்தது? நூறுக்குச் சொல்லுங்கம்மா."

"எனக்கென்ன மேடம்" என்று அவள் வழக்கம்போல் ஆரம்பித்தாள். அவர் காத்திருந்தார்.

"நூறு" என்றாள். பிறகு நிறுத்தவே இல்லை. "ஆபீஸ்ல விட்டுட்டு வீட்டுக்குப் போனா சாயங்காலம் வரைக்கும் ஃபோனையே பாத்துக்கிட்டு இருப்பேன். ரிங் அடிச்சா பயம். அடிக்கலைன்னா அதுக்கும் பயம். குளிக்கப் போனாலும் ஃபோன எடுத்துக்கிட்டுத்தான் போவேன். ஊருக்குப் போனா இவுக என்ன ஆவாகளோன்னு சோறு எறங்க மாட்டேங்குது. இவுகளுக்காவது என்ன செய்யுதுன்னு கேக்க நாலு பேரு இருக்காக மேடம். எங்கிட்ட யாருமே கேக்கல."

எனக்கு முகத்தில் அறைந்ததுபோல் இருந்தது. பத்து மாதமாக என் நாடியை நானே பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணியவன், இவளுக்கு எப்படி இருக்கிறது என்று ஒருநாளும் கேட்கவில்லை. வயிற்றில் பிள்ளையைச் சுமந்துகொண்டு என்னையும் சுமந்தவளை, கல் மாதிரி இருக்கிறாள் என்று நானும் நம்பிவிட்டேன். வெட்கமாக இருந்தது. அதைவிட அழுகைதான் அதிகம் வந்தது.

அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் அட்டை. நான் நடந்தேன், அவள் கிளினிக்கில் உட்கார்ந்தாள். எனக்குப் பஸ் நிறுத்தம் வரை, அடுத்த நிறுத்தம் வரை, பிறகு பஸ்ஸில் ஏறி இரண்டு நிறுத்தம். அவளுக்கு ஜன்னல் பக்கம் போகாமல், ஃபோன் பண்ணாமல் இருபது நிமிடம், அப்புறம் நாற்பது நிமிடம். அவளுடைய சோதனைதான் கஷ்டமானது என்று அந்த அம்மா சொன்னார். சில வாரம் நான் பாதியில் திரும்பினேன். ஒரு வாரம் அவள் ஜன்னலருகே கையும் களவுமாகப் பிடிபட்டாள்.

மாமியார் வந்தார். மல்காஜ்கிரி வீட்டிலேயே வளைகாப்பு நடந்தது. மாடி விஞ்ஞானியின் மனைவிதான் முதல் வளையல் போட்டார். மூன்றாம் நாள் மத்தியானம் செகந்திராபாத் ஸ்டேஷனில் இருவரையும் ரயிலேற்றினேன். "வலி கண்டதும் சொல்லி அனுப்புதேன், உடனே கெளம்பி வந்துருங்க மாப்பிள்ளை" என்றார் மாமியார், ஹைதராபாத்திலிருந்து பாளையங்கோட்டை ஏதோ பக்கத்துத் தெருவில் இருப்பதுபோல. தலையாட்டினேன். ரயில் நகர்ந்தது. ஜன்னல் கம்பிக்கு வெளியே இரண்டு கை நிறையக் கண்ணாடி வளையல்கள் கொஞ்ச தூரம் தெரிந்தன.

கூட்டம் கலைந்தது. ஆட்டோ நிற்கும் இடத்துக்கு நடைமேம்பாலம் ஏறிப் போகவேண்டும். முதல் படியில் கால் வைத்தேன், நெஞ்சு ஆரம்பித்துவிட்டது. இந்த ஊரில் இனி என்னைக் கூட்டிக்கொண்டு போக யாரும் இல்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். ஃபோன் அடித்தது. அவள்தான்.

"ஆட்டோல ஏறிட்டீங்களா?"

ஏறிவிட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. "இல்ல. படிக்கட்டுலதான் நிக்கறேன். நடுங்குது."

அடுத்த ஸ்டேஷனில் இறங்கி வருகிறேன் என்று சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். சொன்னால் வேண்டாம் என்று சொல்லும் தெம்பு அப்போது என்னிடம் சத்தியமாக இல்லை.

"எனக்கும்தான் நடுங்குது" என்றாள். "நடுங்கிக்கிட்டே போங்க."

என் பதிலுக்குக் காத்திருக்காமல் அவளே ஃபோனை வைத்துவிட்டாள். நான் நடுங்கிக்கொண்டே படி ஏறினேன்.